ஒரு விரல் கோணல்

தங்கப்பாண்டியன் வாயிலிருந்து ஒரு பாராட்டை வாங்குவதைவிட, ஆடிப்பூரத்தன்று தேர்வடத்தின் முன்வரிசையில் இடம் வாங்குவது சுலபம். மனைவி மாரீஸ்வரி வைக்கிற மீன்குழம்பை மூன்று தடவை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவும்போது "பரவால்ல" என்பார். அதற்கு மேல் அவர் அகராதியில் வார்த்தை கிடையாது. ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் தென்காசி ரோட்டை ஒட்டி ஒர்க்‌ஷாப் போட்டவர். அவருடைய ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர்கள்கூட விறைப்பாகத்தான் தொங்கும்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் காலையில், ஒரு பழைய கான்டெஸா காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, "அடேயப்பா!" என்றார்.

வெளியே நின்றிருந்த காரின் சொந்தக்காரி கார்த்திகாவுக்குத் திக்கென்றது. "என்னண்ணே, துரு தின்னுருச்சா?"

"துருவா? மேடம், செத்த இங்க குனிஞ்சு பாருங்க. இது வேலை. இதுக்குப் பேருதான் வேலை."

கார்த்திகா போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர். பள்ளிக்கூடத்திலிருந்தே குண்டு எறிதலில் மெடல் வாங்கியவர், அந்தக் கணக்கில்தான் காவல் துறைக்குள் வந்தார். ஆள் நல்ல உயரம், எடை நூறு கிலோவைத் தாண்டும், அதைச் சொல்ல ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை. அவருடைய அப்பா மாரிசாமி பஞ்சுத் தரகர். அவரும் இதே ஆகிருதி. இந்தக் கான்டெஸா அவர் ஆசை ஆசையாக ஓட்டிய வண்டி. வியாபாரம் நொடித்தபோது கைமாறிப் போனது, எங்கெங்கோ சுற்றி, கடைசியில் மம்சாபுரத்தில் ஒரு களஞ்சியத்துக்குள் சாக்குகளுக்குக் கீழே கிடந்ததை மகள் கண்டுபிடித்து மீட்டுக்கொண்டு வந்திருந்தார். அப்பா இப்போது இல்லை.

வெளியூர்க்காரர்கள் மசில் கார் என்றால் படகு நீளத்துக்கு வருகிற பலசாலி அமெரிக்கக் கார்களைச் சொல்வார்கள். நம் பக்கத்துக்கு மசில் கார் என்றால் அது கான்டெஸாதான். நீண்ட மூக்கும் அகன்ற தோளுமாக அது வருகிறபோது, எதிரே வருகிறவன் தானாகவே ஓரம் கட்டுவான். அப்படிப்பட்ட வண்டிகளுக்கு அடுத்த மாதம் ஓர் அணிவகுப்பு வைத்திருந்தார்கள். ராஜபாளையத்தில் கிளம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானத்தில் முடியும். அதில் ஒரு தனிப் பிரிவு: வண்டியின் அடிக்கட்டுமானத்தில் என்ன மாற்றம் வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அது அந்த வண்டி ஓடிய காலத்துச் சாமானைக் கொண்டு அந்தக் காலத்து முறையில் செய்ததாக இருக்க வேண்டும். 'பீரியட் கரெக்ட்' என்று அதற்குப் பெயர். இன்றைக்கு ஆன்லைனில் வாங்கி மாட்டிய சாமான் ஒன்று இருந்தாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதில் அப்பாவின் வண்டியை நிறுத்த வேண்டும் என்பது கார்த்திகாவின் ஆசை.

கார்த்திகாவும் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். தங்கப்பாண்டியன் காட்டிக்கொண்டே போனார்.

கான்டெஸாவுக்கு லாரியைப் போலத் தனிச் சேசிஸ் கிடையாது. தகரமும் சட்டமும் ஒன்றாகப் பிறந்தவை. அடியில் நெடுக ஓடுகிற இரண்டு பெட்டிச் சட்டங்கள்தான் முதுகெலும்பு. எண்பதுகளின் கடைசியில் யாரோ இதிலிருந்த சின்ன இன்ஜினை இறக்கிவிட்டு, பெரிய இசுசு இன்ஜினை ஏற்றியிருக்கிறார்கள். பெரிய இன்ஜின் முறுக்கினால் சட்டமும் சேர்ந்து முறுக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்து, சட்டத்தின் உள்பக்கம் தகடு வைத்துப் பலப்படுத்தியிருக்கிறார்கள். தகட்டின் முனையை நேராக வெட்டி ஒட்டியிருந்தால் அந்தக் கோட்டிலேயே பின்னாளில் விரிசல் விடும். இந்த ஆள் முனையை மீன்வால் போல வெட்டியிருந்தான். வெல்டிங்கை ஒரே மூச்சில் இழுக்காமல், சூட்டில் சட்டம் வளைந்துவிடாதபடி விட்டு விட்டு வைத்திருந்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஒரு மயிரிழைப் பிளவு இல்லை.

"இங்க பாருங்க மேடம், இந்தக் கம்பி." பின் அச்சுக்குக் குறுக்கே பெருவிரல் கனத்தில் ஓர் இரும்புக் கம்பி ஓடியது. வளைவில் திரும்பும்போது வண்டி ஒரு பக்கமாகப் படுத்துவிடாமல் பிடித்துக்கொள்கிற கம்பி. "இது கம்பெனி குடுத்தது இல்ல. முனையில பாருங்க, சக்கரம் நழுவாம இருக்கச் சாவி சொருகுற பள்ளம் இருக்கு. பஞ்சு அரைக்கிற பேக்டரியில ஓடுன ஷாப்ட்டு. அதைக் காய்ச்சி வளைச்சு மாட்டியிருக்கான். எம்புட்டு மூளை!"

இருப்பதைக் கொண்டு இல்லாததைச் செய்திருக்கிறான் ஒருவன். ராஜபாளையத்தில் அந்தக் காலத்தில் எது கிடைத்ததோ அதுதான் இந்த வண்டிக்குள் இருந்தது. சைலன்சரைத் தாங்கிப் பிடித்திருந்தது பஞ்சுப்பொதி கட்டுகிற இரும்புப் பட்டை. தங்கப்பாண்டியன் அந்தப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். இருபத்து நான்கு வருஷ ராணுவத்தில் எத்தனையோ வண்டிகளைப் பார்த்தவர், ஒரு வண்டியின் அடிவயிற்றைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"ஏட்டி மாரி, அந்தக் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கலாம் பாத்துக்க. நான் கத்துக்கிட்டதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

மாரீஸ்வரி ரசத்தை ஊற்றப் போனவர் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார். முந்தின நாள் ஒர்க்‌ஷாப்புக்குச் சோறு கொண்டுபோனபோது அந்தக் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். "அம்புட்டு நல்ல வேலையா?"

"நல்ல வேலையா? ஏட்டி, ஒசத்தியான வேலை!"

"இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்தார். பிறகு மெதுவாக, "அண்ணன் போன் பண்ணுனாக. தை மாசம் அவுக இளைய மக பாண்டிசெல்வி கல்யாணம். பத்திரிகை வைக்க வாரேன்னு சொல்லுதாக" என்றார்.

தங்கப்பாண்டியன் முகம் ஒரே நொடியில் மிலிட்டரி முகமாகிவிட்டது. "உங்க அண்ணன் வந்தா நீ வாங்கிக்க."

இந்த 'உங்க அண்ணன்' ஒன்பது வருஷமாக நடக்கிறது. மாரீஸ்வரியின் அண்ணன் சிவனாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் லேத்தும் வெல்டிங்கும் வைத்திருப்பவர். வாய் கொஞ்சம் நீளம். ஒர்க்‌ஷாப் திறப்பு விழாவன்று, வரிசையாகத் தொங்குகிற ஸ்பானர்களைப் பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால் கேட்டார்: "மாப்ள, நீங்க வண்டியை ஓட்டுறதுக்கு ரிப்பேர் பண்ணுவீகளா, நிறுத்தி வச்சு சல்யூட் அடிக்கப் பண்ணுவீகளா?" கூட்டம் சிரித்தது. தங்கப்பாண்டியன் சிரிக்கவில்லை. அன்றோடு 'மச்சான்' என்ற வார்த்தையை வாயிலிருந்து கழற்றி வைத்துவிட்டார். சிவனாண்டியின் மூத்த மகள் கல்யாணத்துக்கு மாரீஸ்வரி தனியாகத்தான் போனார். அத்தையும் மாமாவும் சேர்ந்து நிற்க வேண்டிய போட்டோவில் அத்தை மட்டும் நின்றார். பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாகவே இருக்கும் அந்தப் படத்தை, மாரீஸ்வரி பீரோவுக்குள் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். இளையவள் கல்யாணத்திலும் அப்படியேதான் நிற்கவேண்டிவருமோ என்பதுதான் இப்போது அவருடைய ஒரே கவலை. அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. இவருக்குத் தெரியும், தெரிந்தும் தெரியாததுபோல ரசத்தைக் குடித்தார்.

அந்தக் கான்டெஸாவில் ஒரே ஓர் இடம்தான் தங்கப்பாண்டியனுக்குப் பிடிக்கவில்லை. வலப்பக்கப் பின் ஸ்பிரிங்குக்கு மேலே, அது உட்காருகிற குழியில், ஒரு மரத்துண்டு இருந்தது. உள்ளங்கை அகலத்தில் வட்டமாக, ஒரு விரல் கனத்தில், எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன கட்டை. இடப்பக்கம் அப்படி ஒன்றும் இல்லை. அதனால் சமதளத்தில் நிறுத்தினால் வண்டியின் வலப்பின்பக்கம் ஒரு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்துக் கட்டடத்துக் கொத்தனாரிடம் தண்ணீர் டியூப்பை வாங்கிவந்து மட்டம் பார்த்தார். கோணல்தான், சந்தேகமே இல்லை.

"இம்புட்டு அருமையான வேலைக்குள்ள, எவனோ ஒரு வீணாப்போனவன் பொறவு வந்து கட்டையைச் சொருகியிருக்கான்" என்று அவருக்கு அந்தத் தெரியாத மேதையின் சார்பில் கோபமே வந்தது. கட்டையைப் பிடுங்கி வீசினார். இரண்டு பக்கமும் ஒரே கனத்தில், அந்தக் காலத்து ரப்பர்த் துண்டுகளைத் தேடிப் பிடித்து வைத்தார். கட்டை உருண்டுபோய் வாசல் ஓரத்தில் கிடந்தது. காற்றுக்கு அடித்துக்கொள்ளும் பக்கத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்க அது உதவியது.

இப்போது வண்டி நாலு மூலையும் ஒரே மட்டத்தில் நின்றது. தங்கப்பாண்டியன் ஓட்டிப் பார்த்தார். பட்டாளத்தில் சேர்ந்தபோது இருந்த அதே ஒல்லி உடம்பு அவருக்கு. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. திருப்தியோடு கார்த்திகாவிடம் சாவியைக் கொடுத்தார்.

கார்த்திகா மம்சாபுரம் ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்து இறங்கியபோது அவர் முகம் சரியில்லை. "அண்ணே, வலது பக்கம் இழுக்குது. பிரேக்கை அழுத்துனா ரோட்டை விட்டே எறங்கப் பாக்குது."

"ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கீங்களோ என்னமோ."

"நான் ஜீப்பு, வேனு, டிராக்டர் எல்லாம் ஓட்டியிருக்கேன். என் கை மேல பழியைப் போடாதீங்க."

அடுத்த சில நாட்கள் தங்கப்பாண்டியனுக்குச் சோறு இறங்கவில்லை. சக்கரக் கோணம், பிரேக், பேரிங் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். அவர் ஓட்டினால் வண்டி நேராகப் போகும். கார்த்திகா ஓட்டினால் வலப்பக்கம் இழுக்கும். அவருக்குத் தலை சுற்றியது. அணிவகுப்பில் ஒரு சோதனை உண்டு என்று வேறு சொல்லியிருந்தார்கள்: இரண்டு சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவில் வேகமாக வந்து, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, பிரேக் அடித்து நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் வெளியே. அணிவகுப்பு நடக்கிற ஞாயிற்றுக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது.

"எங்கப்பா ஓட்டும்போது பின்சீட்டுல உக்காந்து பாத்திருக்கேன்" என்றார் கார்த்திகா. "கையை விட்டுட்டு ரெண்டு கையாலயும் வெத்தலை மடிப்பாக. வண்டி கோடு போட்டாப்ல போகும். எங்கம்மா பயந்துபோயி கத்துவாக." சொல்லும்போது சிரித்தார், அப்புறம் கொஞ்ச நேரம் வண்டியின் கதவைத் தடவிக்கொண்டே நின்றார்.

"இதைச் செஞ்ச ஆளு யாருன்னு தெரியுமா மேடம்?"

"எனக்கு அப்ப அஞ்சு வயசு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு இளவட்டம்னு மட்டும் அப்பா சொன்ன ஞாபகம்."

அன்று மத்தியானம் தட்டின் முன்னால் உட்கார்ந்து தங்கப்பாண்டியன் புலம்பினார். "ஸ்ரீவில்லிபுத்தூர்ல அந்தக் காலத்துல இப்படி ஒரு கை யாருக்கு இருந்துச்சு? உசுரோட இருக்கானா இல்லையா தெரியல. இருந்தா, போயி கால்லயே விழுந்துருவேன்."

மாரீஸ்வரி மோர் டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தார். "கால்ல எல்லாம் விழ வேண்டாம். வீட்டுக்கு வந்தா 'வாங்க'ன்னு கேட்டா போதும்."

தங்கப்பாண்டியன் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார்.

"அந்தக் காரை எங்க வீட்டுப் பின்னால உள்ள கொட்டகையிலதான் கெடத்தியிருந்தாக. பள்ளிக்கூடம் விட்டு வந்து நாந்தான் தூக்குச்சட்டியில சோறு கொண்டுபோவேன். 'ஏட்டி, கண்ணை மூடிக்க, வெல்டிங் அடிக்கேன்'னு அண்ணன் கத்துவாக. நான் விரலை விரிச்சுக்கிட்டுப் பாப்பேன்."

"நீ... மொதல் நாளே ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திப்புடுவீகளே" என்றார் மாரீஸ்வரி. "எங்க அண்ணனை நீங்க வாய்நிறையப் புகழுதது எனக்குக் காதுல தேன் ஊத்துனாப்ல இருந்துச்சு. இன்னும் நாலு நாளு கேட்டுக்கிட்டு இருந்துருப்பேன்."

தங்கப்பாண்டியனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணில் ஒற்றிக்கொள்வேன் என்று சொன்ன வாய் தன்னுடையதுதானே? மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "கிளம்பு" என்றார்.

கார்த்திகாதான் ஓட்டினார். இழுத்துக்கொண்டு ஓடுகிற வண்டியை மல்லுக்கட்டிப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தங்கப்பாண்டியன் மடியில் ஒரு மஞ்சப்பை இருந்தது. கிளம்புகிற நேரத்தில் என்ன தோன்றியதோ, கதவுக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து அதில் போட்டிருந்தார்.

சிவனாண்டியின் பட்டறை தேரடிக்குப் பின்னால் இருந்தது. ஒரு போர்வெல் லாரியின் சேசிஸுக்கு மேல் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், கான்டெஸாவின் சத்தம் கேட்டதுமே குதித்து இறங்கினார். அறுபது வயது ஆள் குதித்த குதியில் தரை அதிர்ந்தது.

"வாங்க மாப்ள! வா தங்கச்சி! இது... ஏ தாயி, மாரிசாமி அண்ணாச்சி மகளா நீங்க? எறங்குற எறக்கமே சொல்லுதே!"

மாப்ள என்று வாய்நிறையக் கூப்பிட்டவருக்குப் பதிலாக மச்சான் என்று வரவேண்டும். தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமி, "இந்த வண்டி விஷயமா..." என்று மட்டும் சொன்னார். மாரீஸ்வரி தரையைப் பார்த்தார்.

சிவனாண்டி அதைக் கவனித்தாரோ என்னவோ, வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். "யாரு மட்டம் பண்ணுனது?"

"நான்தான்."

"நல்லா பண்ணியிருக்கீக. கல்யாண மண்டபத்து மேடை மாதிரி நிக்கிது." பிறகு கேட்டார்: "ஆனா மாப்ள, காலி வண்டி எதுக்கு மட்டமா நிக்கணும்? காலி வண்டியா ஓடப்போவுது?"

தங்கப்பாண்டியன் காலியாகக் கிடந்த டிரைவர் சீட்டைப் பார்த்தார், பக்கத்தில் நின்ற கார்த்திகாவைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஒரே நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மஞ்சப்பையிலிருந்து அந்தக் கட்டையை எடுத்து நீட்டினார்.

"இது இங்க இருக்கு" என்றார்.

சிவனாண்டி கட்டையை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இலுப்பெண்ணெய் வாசம் இன்னும் போவல பாருங்க. தேர்ச் சக்கரத்துக்கு அடியில சறுக்குக்கட்டை போடுத புளியங்கட்டையில வெட்டுனது. நான் அப்பவும் இப்பவும் தேருக்குக் கட்டை போடுத ஆளு. ஆளுக ஏறுன பொறவு தேரு எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்துத்தான் நாங்க கட்டை வைப்போம். மாரிசாமி அண்ணாச்சி வண்டியில ஏறி உக்காந்தாருன்னா வலப்பக்கம் அப்படியே அமுங்கும். அதான் அவரு ஏறுனா மட்டமாவுத மாதிரி, எறங்குனா ஒரு விரல் கோணலா நிக்கித மாதிரி வச்சேன். ரப்பர் வச்சா நசுங்கிப்போகும், இரும்பு வச்சா கடகடங்கும். கட்டையின்னா நார் நெட்டுக்குத்தா நிக்க, வெட்டுவாய் மேல பாக்க வச்சா கனத்தையும் தாங்கும், குலுக்கலையும் குடிச்சிக்கிடும்." சிவனாண்டி கட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அதுசரி, இம்புட்டு நாளு இது எங்க கெடந்துச்சு? கீழ தேஞ்சிருக்கே?"

"கதவுக்கு முட்டுக் குடுத்திருந்தேன்."

சிவனாண்டி கேட்டார்: "கதவு நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"அப்ப நல்ல கட்டைதான்" என்று சொல்லிவிட்டு சிவனாண்டி பட்டறை அதிரச் சிரித்தார். கார்த்திகா சிரித்தார். தங்கப்பாண்டியனுக்கும் உதடு துடித்தது, ஆனால் அடக்கிக்கொண்டார். ஒன்பது வருஷத்துப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் நுழைந்தார்கள். ரப்பரை எடுத்துக் கட்டையை வைத்தார்கள். கார்த்திகாவை ஏறி உட்காரச் சொல்லி, சிவனாண்டி பின்னால் நின்று பார்த்தார். "தூக்கலா இருக்கு. தாயி, அப்பா உங்களைவிடக் கனம்."

"நான் மத்தியானச் சோத்தைக் கொறைச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றது உள்ளேயிருந்து வந்த குரல்.

"இன்னிமே கொறைக்காதீக. மறுபடியும் கட்டையை மாத்த வேண்டிவரும்."

கட்டையைத் தேய்க்கிற அரத்தைச் சிவனாண்டி எடுக்கப் போனார். "குடுங்க, நான் பாக்கேன்" என்று தங்கப்பாண்டியன் கையை நீட்டினார். வெயில் பட்டறைத் தகரத்தில் கொதித்தது. அவர் அரத்தால் நாலு இழுப்பு இழுப்பார், வைத்துப் பார்ப்பார்கள், கார்த்திகா ஏறுவார், இறங்குவார், சிவனாண்டி ஒற்றைக் கண்ணால் பார்த்து "இன்னுங் கொஞ்சம்" என்பார். மறுபடியும் நாலு இழுப்பு. இந்த மனிதர் எந்தக் கருவியும் இல்லாமல் அந்தக் கண்ணால் அளப்பதைப் பார்க்கப் பார்க்கத் தங்கப்பாண்டியனுக்கு உள்ளுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லாமல் அரத்தை இன்னும் அழுத்தி இழுத்தார். மாரீஸ்வரி இரண்டு பேருக்கும் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். 'இங்க பாருங்க', 'இந்தாங்க', 'அந்த ஸ்பானரைக் குடுங்க' என்று தன் புருஷன் வாயில் எல்லாம் வருகிறது, அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை என்பதை அவர் எண்ணாமலே எண்ணிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் மைதானம் நிரம்பி வழிந்தது. பளபளவென்று துடைத்த பியட்களும் அம்பாசடர்களும் இரண்டு ஜாவா பைக்குகளும் நின்றன. எங்கிருந்தோ வந்த ஒரு செவர்லேயைச் சுற்றி இளவட்டங்கள் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். கான்டெஸா அவற்றுக்கு நடுவில் ஒரு விரல் கோணலாக நின்றது. பார்த்தவர்கள், "பின்னால ஸ்பிரிங் போயிருச்சு போல" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். தங்கப்பாண்டியன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்தில் சிவனாண்டி வேட்டியை மடித்துக் கட்டியபடி தங்கையோடு நின்றிருந்தார்.

கார்த்திகா ஏறி உட்கார்ந்தார். வண்டி மெதுவாக வலப்பக்கம் இறங்கி, அப்படியே மட்டமாயிற்று. அதைப் பார்ப்பதே தனி அழகு. நெடுநேரம் நின்று கால்வலித்தவர் சாய்ந்து உட்காருவதுபோல ஒரு நிம்மதி அந்த இறக்கத்தில் இருந்தது.

இன்ஜின் உறுமியது. கான்டெஸா சுண்ணாம்புக் கோடுகளுக்கு நடுவில் பாய்ந்து வந்தது. பாதி தூரத்தில் கார்த்திகா ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கைகளையும் எடுத்தார். எடுத்த கைகளை நெஞ்சுக்கு நேராக வைத்து, வெற்றிலை மடிப்பதுபோல மடித்துக் காட்டினார். அதைப் புரிந்துகொண்ட ஆட்கள் அந்த மைதானத்தில் மூன்று பேர்தான். சிவனாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரேக் விழுந்தது. வண்டி தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, இம்மி விலகாமல், நடுக்கோட்டில் நின்றது. விசில் பறந்தது.

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த நடுவர் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது அவர் சட்டையெல்லாம் மண், முகமெல்லாம் சிரிப்பு. "நான் எத்தனையோ ஊர்ல பாத்துட்டேன். பஞ்சாலை ஷாப்ட்டையும் தேர்க்கட்டையையும் வெச்சு ஒரு வண்டியை இப்படிப் படிய வெச்சதை இப்பத்தானுங்க பாக்கறேன். அந்தந்த ஊரு வண்டின்னா இப்படித்தான் இருக்கணும். இது யாரு செஞ்ச வேலைங்க?"

மைக்கைத் தங்கப்பாண்டியன் கையில் கொடுத்தார்கள். அவர் மைக்கைத் துப்பாக்கி பிடிப்பதுபோலப் பிடித்தார். விறைப்பாக நின்றார்.

"நான் செய்யல" என்றார். "நான் இதைக் கெடுத்தேன். கோணலா நிக்கிதுன்னு நெனச்சு நேர் பண்ணுனேன். இதைச் செஞ்சவரு ஸ்ரீவில்லிபுத்தூர் சிவனாண்டி. அந்தா நிக்காரு. என்னைய ஒருநாள் ஒரு கேள்வி கேட்டாரு, வண்டியை ஓட்டுறதுக்கு ரிப்பேர் பண்ணுவீகளா, நிறுத்தி வச்சு சல்யூட் அடிக்கப் பண்ணுவீகளான்னு. எனக்கு அப்ப பதில் தெரியல." கொஞ்சம் நிறுத்தினார். "அவரு செஞ்சா ரெண்டுக்கும் ஆகும்."

சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னால், அந்தக் கான்டெஸாவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். விளையாட்டுக்கு அடித்ததில்லை. குதிகால் சேர்த்து, கொடிக்கு அடிக்கிற சல்யூட். மைதானம் ஆரவாரித்தது. சிவனாண்டி மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டு நிமிர்ந்து நின்றார்.

மாரீஸ்வரிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனாலும் மனதின் ஓர் ஓரம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது: 'சிவனாண்டி'ன்னு பேரைச் சொன்னாகளே, மொறை சொல்லிக் கூப்பிடலையே. ஊருக்கு முன்னால் சல்யூட் அடிக்க முடிந்த மனிதருக்கு வீட்டு வார்த்தை ஒன்று வரமாட்டேன் என்கிறதே.

கோப்பையை வென்ற கார்த்திகாவுக்கு ஊர்வலமும் போட்டோவும் இருந்தன. சாவியை அவர் தங்கப்பாண்டியன் கையில் வைத்தார். "அண்ணே, நீங்க மூணு பேரும் வண்டியில போங்க. நான் ஸ்டேஷன் ஜீப்புல வாரேன்."

தங்கப்பாண்டியன் ஓட்ட உட்கார்ந்தார். அவருடைய ஒல்லி உடம்புக்கு வலப்பக்கம் அசையவே இல்லை. சிவனாண்டி முன்சீட்டில் இடப்பக்கம் ஏறினார், வண்டி கொஞ்சம் இறங்கியது. அவருக்குப் பின்னால் மாரீஸ்வரி ஏறிக் கதவைச் சாத்தினார், இன்னும் இறங்கியது. கான்டெஸா நன்றாக இடப்பக்கம் சாய்ந்துகொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்தது.

சிவனாண்டிக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சக்கரத்தைப் பார்த்தார். "மாப்ள, வண்டி ஒரேயடியாத் தங்கச்சி பக்கமாச் சாயுது. பட்டறையில செத்த நிறுத்துங்க, கட்டையை மாத்தி வச்சுருவோம்."

தங்கப்பாண்டியன் கியரை மாற்றினார். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"சாயட்டும் மச்சான்."

பின்சீட்டில் மாரீஸ்வரி இன்னும் கொஞ்சம் இடப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.